7400 வரிசைத் தொகுப்புச் சுற்றுகள்: தர்க்கச் சுற்று வடிவமைப்பின் அரிச்சுவடி

7400 வரிசை என்பது 1960களில் உருவான இலக்கத் தொகுப்புச் சுற்றுகளின் (பேச்சுவழக்கில் ஐசி) குடும்பமாகும். இன்றைய செயலி ஒன்றில் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் உள்ளன. 7400 என்ற சில்லில் இருப்பவை பதினாறே. ஆயினும் தமிழ்நாட்டின் மேல்நிலைப் பள்ளிகள், பாலிடெக்னிக்குகள், பொறியியல் கல்லூரிகள் ஆகியவற்றின் ஆய்வகங்களில் மாணவர்கள் முதலில் கையில் எடுப்பது இவ்வரிசைச் சில்லுகளையே. மேல்நிலை இரண்டாம் ஆண்டு இயற்பியல் செய்முறையில் 'தொகுப்புச் சுற்றுகளைக் கொண்டு தர்க்க வாயில்களின் உண்மை அட்டவணையைச் சரிபார்த்தல்', 'டி மார்கன் தேற்றங்களைச் சரிபார்த்தல்' ஆகிய சோதனைகள் இவற்றைக் கொண்டே செய்யப்படுகின்றன.

இவ்வளவு பழைய சில்லில் இன்று கற்க என்ன இருக்கிறது என்ற கேள்வி இயல்பானது. பாடநூலில் 0, 1 என்று எழுதப்படுபவை மின்னழுத்தம், மின்னோட்டம், காலம் என்ற இயற்பியல் அளவுகளாக மாறுவதை நேரில் காணவும் கையால் தொட்டு அளக்கவும் இச்சில்லுகள் இடம் தருகின்றன. இக்கட்டுரை அதை ஒரு சிறிய வடிவமைப்பின் வழியாக விளக்குகிறது. செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரையில், மாமல்லபுரத்துக்குத் தெற்கே உள்ள கல்பாக்கம் போன்ற அணுமின் நிலையங்களின் பாதுகாப்பு அமைப்புகளில் பயன்படும் 'மூன்றில் இரண்டு' என்ற விதியே அந்த வடிவமைப்புக்கு அடிப்படை.

வரலாறு

1958இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஜாக் கில்பி முதல் தொகுப்புச் சுற்றைச் செய்து காட்டினார். அதற்காக 2000ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது. அதே நிறுவனம் 1964இல் ராணுவப் பயன்பாட்டுக்கென 5400 வரிசையை வெளியிட்டது. 1966இல் விலை குறைந்த பிளாஸ்டிக் உறையில் 7400 வரிசை வந்தது. இவற்றின் உட்சுற்று டிரான்சிஸ்டர்-டிரான்சிஸ்டர் தர்க்கம், சுருக்கமாக டி.டி.எல்., எனப்படும். பிற நிறுவனங்களும் அதே எண்ணில், அதே கால் அமைப்பில் சில்லுகளைச் செய்ததால் 7400 உலகப் பொதுவான ஒரு தரமாகிவிட்டது.

1970களின் தொடக்கத்தில் நுண்செயலி பரவுவதற்கு முன், கணினிகளே இத்தகைய சில்லுகளைப் பலகையில் அடுக்கிச் செய்யப்பட்டன. 1972இல் அட்டாரி நிறுவனம் வெளியிட்ட 'பாங்' என்ற காணொளி விளையாட்டில் செயலியும் இல்லை, நிரலும் இல்லை. பந்து நகர்வது முதல் மதிப்பெண் ஏறுவது வரை எல்லாமே வாயில்களும் எண்ணிகளும் செய்த வேலை.

பெயரைப் படிக்கும் முறை

சில்லின் மேல் '74எல்.எஸ்.00' என்பதுபோல் அச்சிடப்பட்டிருக்கும். முதல் இரண்டு இலக்கங்கள் வரிசையைக் குறிக்கும். நடுவிலுள்ள எழுத்துகள் உள்ளே எந்த வகைச் சுற்று என்பதைக் கூறும். எழுத்து இல்லையெனில் பழைய டி.டி.எல். என்றும், எல்.எஸ். என்றால் குறைந்த மின்திறன் கொண்ட ஷாட்கி வகை என்றும், எச்.சி. என்றால் சிமாஸ் வகை என்றும் பொருள். கடைசி இலக்கங்கள் சில்லின் வேலையைக் கூறும்.

00 – இரு உள்ளீட்டு நேண்ட் வாயில்கள் நான்கு
02 – இரு உள்ளீட்டு நார் வாயில்கள் நான்கு
04 – நாட் வாயில்கள் ஆறு
08 – இரு உள்ளீட்டு அண்ட் வாயில்கள் நான்கு
20 – நான்கு உள்ளீட்டு நேண்ட் வாயில்கள் இரண்டு
32 – இரு உள்ளீட்டு ஆர் வாயில்கள் நான்கு
86 – இரு உள்ளீட்டு எக்ஸ்-ஆர் வாயில்கள் நான்கு

மேற்கண்ட ஏழிலும் 14 கால்கள் உண்டு. பள்ளம் மேலே இருக்குமாறு பிடித்தால் இடப்பக்க உச்சியில் இருப்பது 1ஆம் கால். அங்கிருந்து கீழிறங்கி, வலப்பக்கமாக மேலேறி 14 வரை எண்ண வேண்டும். 14ஆம் காலுக்கு 5 வோல்ட், 7ஆம் காலுக்கு கிரவுண்டு. ஆனால் வரிசையிலுள்ள எல்லாச் சில்லுகளுக்கும் இது பொருந்தாது. எடுத்துக்காட்டாக, 7490 எண்ணியில் 5 வோல்ட் 5ஆம் காலிலும் கிரவுண்டு 10ஆம் காலிலும் உள்ளன. 7402இல் வாயில்களின் உள்ளீடும் வெளியீடும் 7400இல் உள்ள வரிசைப்படி இல்லை: 7400இல் 1, 2 உள்ளீடுகள், 3 வெளியீடு. 7402இலோ 1 வெளியீடு, 2, 3 உள்ளீடுகள். நேண்ட் சோதனையை முடித்தவர் அதே கம்பிகளை வைத்துக்கொண்டு சில்லை மட்டும் மாற்றினால் தவறான விடை கிடைப்பதற்கு இதுவே காரணம். சில்லை எடுத்தவுடன் அதன் தரவுத்தாளைப் பார்ப்பது முதல் பாடம்.

0 என்றால் எத்தனை வோல்ட்?

உண்மை அட்டவணையில் 0, 1 என்று இரண்டே மதிப்புகள். கம்பியிலோ மின்னழுத்தம் 0 முதல் 5 வோல்ட் வரை எந்த மதிப்பிலும் இருக்கலாம். டி.டி.எல். சில்லுக்கு 4.75 முதல் 5.25 வோல்ட் வரை மின்னழுத்தம் தர வேண்டும். உள்ளீட்டில் 0.8 வோல்ட்டும் அதற்குக் கீழும் 0 எனக் கொள்ளப்படும். 2.0 வோல்ட்டும் அதற்கு மேலும் 1 எனக் கொள்ளப்படும். இடைப்பட்ட பகுதிக்குச் சில்லு எந்த உறுதியும் தருவதில்லை.

வெளியீட்டுக்கு விதி இன்னும் கடுமையானது. 0 தரும்போது மின்னழுத்தம் 0.4 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. 1 தரும்போது 2.4 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது. கொடுப்பவர் 0.4க்குள் கொடுக்கிறார், வாங்குபவர் 0.8 வரை ஏற்றுக்கொள்கிறார். இந்த 0.4 வோல்ட் இடைவெளிதான் வழியில் கலக்கும் இரைச்சலைத் தாங்குகிறது. 1இன் பக்கத்திலும் 2.4க்கும் 2.0க்கும் இடையே அதே 0.4 வோல்ட் உள்ளது. வாயில்களை எத்தனை அடுக்கு தொடுத்தாலும் பிழை சேர்ந்து பெருகாமல், ஒவ்வொரு வாயிலிலும் குறி புதுப்பிக்கப்படுவது இந்த ஏற்பாட்டால்தான். இலக்க முறைக்கு அடிப்படையான இக்கருத்தை ஒரு மல்டிமீட்டரும் ஒரு 7400 சில்லும் கொண்டு பத்து நிமிடத்தில் சரிபார்க்கலாம்.

தொங்கும் உள்ளீடு

மேல்நிலை வகுப்புகளுக்குச் செய்முறை நடத்திய ஆண்டுகளில் இக்கட்டுரையாளர் பலமுறை கண்ட காட்சி ஒன்று. மாணவர் 7408 அண்ட் வாயிலைச் சோதிக்கிறார். '0, 0' என்ற வரிசைக்கு இரண்டு உள்ளீட்டுக் கம்பிகளையும் பிடுங்கிவிட்டு எல்இடியைப் பார்க்கிறார். எல்இடி எரிகிறது. அட்டவணைப்படி 0 வர வேண்டும். மாணவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுப் பதிவேட்டில் 0 என்று எழுதிவிடுகிறார். பதிவேடு சரியாக இருப்பதால் ஆசிரியரும் கையொப்பமிட்டுவிடுகிறார். அப்படிக் கையொப்பமிட்டவர்களுள் இக்கட்டுரையாளரும் ஒருவர். அந்த மாணவர் கண்ட 1தான் அன்றைய சோதனையில் கிடைத்த மிகப் பெரிய தகவல் என்பது பின்னர்தான் உறைத்தது.

காரணம் இதுதான். பழைய டி.டி.எல். வாயிலின் உள்ளீடு ஒரு டிரான்சிஸ்டரின் உமிழ்ப்பான். அந்த உள்ளீட்டை 0 ஆக்க வேண்டுமெனில் அதிலிருந்து வெளியேறும் மின்னோட்டத்தைக் கிரவுண்டுக்கு இழுத்துச் செல்ல வேண்டும். பழைய டி.டி.எல்.லில் இது 1.6 மில்லிஆம்பியர் வரையும், எல்.எஸ். வகையில் 0.4 மில்லிஆம்பியர் வரையும் இருக்கும். கம்பியைப் பிடுங்கிவிட்டால் மின்னோட்டத்துக்கு வழியில்லை. சில்லு அதை 1 என்றே எடுத்துக்கொள்கிறது. 'ஒன்றும் இல்லை' என்பது வேறு, 0 என்பது வேறு. 0 என்பதும் ஒரு குறியே, அதையும் யாராவது தந்தாக வேண்டும்.

இதிலிருந்து நடைமுறைப் பாடங்கள் சில கிடைக்கின்றன.

முதலாவது, 0 தர உள்ளீட்டை நேரடியாகக் கிரவுண்டுடன் இணைக்க வேண்டும். நடுவில் 10 கிலோஓம் மின்தடையை வைத்தால், வெளியேறும் மின்னோட்டம் அதன் வழியே பாயும்போது உள்ளீட்டு மின்னழுத்தம் 0.8 வோல்ட்டைத் தாண்டிவிடும். மாணவர் 0 தந்ததாக நினைப்பார், சில்லு அதை 1 எனக் கொள்ளக்கூடும்.

இரண்டாவது, தொங்கும் உள்ளீடு 1 ஆக இருக்கிறது என்று நம்பி அப்படியே விடக் கூடாது. அதில் வெளி இரைச்சல் எளிதில் கலக்கும். 4.7 கிலோஓம் போன்ற ஒரு மின்தடை வழியாக அதை 5 வோல்ட்டுடன் இணைக்க வேண்டும். இதைப் புல்-அப் மின்தடை என்பர்.

மூன்றாவது, எச்.சி. எனப்படும் சிமாஸ் வகையில் நிலைமை வேறு. அதன் உள்ளீட்டில் ஏறத்தாழ மின்னோட்டமே பாய்வதில்லை. தொங்கவிட்டால் விரலை அருகே கொண்டுசென்றாலே 0க்கும் 1க்கும் இடையே தடுமாறும். சிமாஸ் சில்லில் பயன்படுத்தாத உள்ளீடுகளையும் கட்டாயம் எங்காவது இணைக்க வேண்டும்.

நான்காவது, டி.டி.எல். வெளியீடு மின்னோட்டத்தை உள்ளே வாங்குவதில் வலிமையானது, வெளியே தருவதில் வலிமை குறைந்தது. பழைய 7400இன் வெளியீடு 0 நிலையில் 16 மில்லிஆம்பியரை வாங்கும். 1 நிலையில் குறித்த மின்னழுத்தம் குறையாமல் அது தரக்கூடியது 0.4 மில்லிஆம்பியர் மட்டுமே. ஆகவே எல்இடியை 5 வோல்ட்டுக்கும் வெளியீட்டுக்கும் இடையே, மின்தடையுடன் இணைப்பது நல்லது. அப்போது வெளியீடு 0 ஆகும்போது எல்இடி எரியும். ஒரு வெளியீட்டுடன் பத்து உள்ளீடுகளை இணைக்கலாம் என்ற விதியும் இந்தக் கணக்கிலிருந்து வருவதே: 16ஐ 1.6ஆல் வகுத்தால் 10.

ஒரே வகை வாயில் போதும்

டி மார்கன் தேற்றம் தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் இரண்டு சமன்பாடுகளாகவே பலருக்கும் நினைவிருக்கும். வடிவமைப்பில் அதன் பயன் இதுதான்: இரண்டு பெருக்கல்களைக் கூட்ட வேண்டிய இடத்தில் அண்ட், அண்ட், ஆர் என்று மூன்று வாயில்கள் தேவை. அந்த மூன்றையும் நேண்ட் வாயில்களாக மாற்றினாலும் விடை மாறாது. முதல் அடுக்கின் இறுதியில் வரும் தலைகீழாக்கமும் இரண்டாம் அடுக்கில் நேரும் தலைகீழாக்கமும் ஒன்றையொன்று நீக்கிவிடுகின்றன.

நேண்டின் இரு உள்ளீடுகளையும் ஒன்றாக இணைத்தால் நாட் கிடைக்கும். நேண்டுக்குப் பின் நாட் வைத்தால் அண்ட். நேண்டுக்கு முன் இரண்டு நாட் வைத்தால் ஆர். ஆகவே நேண்ட் மட்டும் இருந்தால் எந்தத் தர்க்கச் சுற்றையும் அமைக்கலாம். நாருக்கும் இதே ஆற்றல் உண்டு. நிலவுக்கு மனிதரைக் கொண்டுசென்ற அப்போலோ விண்கலத்தின் வழிகாட்டுக் கணினியில் எல்லாத் தர்க்கமும் மூன்று உள்ளீட்டு நார் வாயில் என்ற ஒரே வகையால் அமைந்தது. அதன் இரண்டாம் வடிவில் ஒவ்வொன்றிலும் இரண்டு வாயில்கள் கொண்ட சுமார் 2,800 தொகுப்புச் சுற்றுகள் இருந்தன. அவை டி.டி.எல்.லுக்கும் முந்தைய வகையைச் சேர்ந்தவை.

'மூன்றில் இரண்டு' விதி

கல்பாக்கத்திலுள்ள சென்னை அணுமின் நிலையத்தின் இரு கனநீர் உலைகளும் 1983, 1985 ஆகிய ஆண்டுகளில் முதன்முதலாக இயங்கத் தொடங்கின. இத்தகைய உலைகளில் ஒரு முக்கிய அளவை (வெப்பநிலை, அழுத்தம் போன்றவை) ஒரே கருவி அளப்பதில்லை. ஒன்றையொன்று சாராத மூன்று தடங்கள் அளக்கின்றன. மூன்றில் இரண்டு தடங்களாவது 'ஆபத்து' என்றால் உலை நிறுத்தப்படும்.

ஏன் மூன்று, ஏன் இரண்டு? ஒரு கற்பனைக் கணக்கைப் பார்க்கலாம். ஒரு தடம் பொய்யாக ஆபத்து என்று கூற வாய்ப்பு 100இல் 1 என்றும், உண்மையான ஆபத்தில் பேசாமல் இருக்க வாய்ப்பும் 100இல் 1 என்றும் கொள்வோம்.

ஒரே தடம்: பொய் நிறுத்தம் 100இல் 1, தவறவிடல் 100இல் 1.
இரண்டில் ஒன்று போதும் என்றால்: பொய் நிறுத்தம் 100இல் 2க்குச் சற்றுக் குறைவு, தவறவிடல் 10,000இல் 1.
இரண்டும் வேண்டும் என்றால்: பொய் நிறுத்தம் 10,000இல் 1, தவறவிடல் 100இல் 2க்குச் சற்றுக் குறைவு.
மூன்றில் இரண்டு என்றால்: பொய் நிறுத்தம், தவறவிடல் இரண்டுமே 10,000இல் சுமார் 3.

இரண்டு தடங்களை வைத்து ஒரு பிழையைக் குறைத்தால் மற்றது கூடுகிறது. மூன்றில் இரண்டு என்ற விதி இரண்டையும் ஒருசேரக் குறைக்கிறது. உலை இயங்கும்போதே ஒரு தடத்தைத் தனியே சோதித்துப் பார்க்கவும் இது வசதி தருகிறது.

இனி இதைச் சுற்றாக மாற்றலாம். தடங்களை அ, ஆ, இ என்போம். ஆபத்து என்றால் 1, நலம் என்றால் 0. வெளியீட்டை வ என்போம். உண்மை அட்டவணையின் எட்டு வரிசைகளில் 011, 101, 110, 111 ஆகிய நான்கில் மட்டும் வ = 1. கார்னா வரைபடத்தில் இட்டுச் சுருக்கினால் கிடைப்பது:

வ = (அ · ஆ) + (ஆ · இ) + (இ · அ)

டி மார்கன் தேற்றப்படி இதற்கு இரு உள்ளீட்டு நேண்ட் மூன்றும், அவற்றின் வெளியீடுகளைச் சேர்க்க மூன்று உள்ளீட்டு நேண்ட் ஒன்றும் போதும்.

இங்கே முந்தைய பாடம் துணைக்கு வருகிறது. 1 என்பதை ஆபத்துக்கு வைத்தது தற்செயலானதன்று. தடத்தின் சுவிட்ச், நலமாக இருக்கும்போது உள்ளீட்டைக் கிரவுண்டுடன் இணைத்து 0 தருகிறது. ஆபத்தில் சுவிட்ச் திறக்கிறது, புல்-அப் மின்தடை உள்ளீட்டை 1 ஆக்குகிறது. கம்பி அறுந்தாலோ கழன்றாலோ என்ன ஆகும்? அப்போதும் 1தான். அதாவது பழுதான தடம் 'ஆபத்து' என்று வாக்களிக்கும். மாற்றி அமைத்திருந்தால் அறுந்த கம்பி 'நலம்' என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கும். சமன்பாட்டில் 0, 1 இரண்டும் சமம். கம்பியில் அவை சமமில்லை என்பதை வடிவமைப்பவர் அறிந்திருக்க வேண்டும்.

சுற்றுக்கு நினைவு

ஆபத்துக் குறி ஒரு நொடி வந்து மறைந்தாலும் நிறுத்தம் நிலைத்திருக்க வேண்டும். பொறுப்பாளர் வந்து பார்த்து மீட்டமைக்கும் வரை அது விலகக் கூடாது. இதற்கு நினைவு தேவை. இதுவரை பார்த்த சுற்றுகளில் உள்ளீடு மாறியவுடன் வெளியீடும் மாறிவிடும். வெளியீட்டைத் திருப்பி உள்ளீட்டுக்குக் கொடுத்தால், அதாவது பின்னூட்டம் தந்தால், நினைவு பிறக்கிறது. இரண்டு நேண்ட் வாயில்களை ஒன்றின் வெளியீடு மற்றதன் உள்ளீடாகும்படி குறுக்காக இணைப்பதே லாட்ச் எனப்படும் எளிய நினைவுச் சுற்று.

நம் சுற்றில் கடைசி நேண்டுக்கு மூன்று உள்ளீடுகள் போதும் என்று பார்த்தோம். அதற்குப் பதிலாக நான்கு உள்ளீட்டு நேண்டைப் பயன்படுத்தி, நான்காவது உள்ளீட்டை மற்றொரு நேண்டின் வெளியீட்டுடன் இணைக்கலாம். அந்த வெளியீட்டை ந என்போம். ந தரும் வாயிலின் உள்ளீடுகள் இரண்டு: வ, மீட்டமைப்புப் பொத்தான். பொத்தான் சாதாரணமாக 1, அழுத்தினால் 0.

ஏதேனும் இரண்டு தடங்கள் 1 ஆனால் முதல் அடுக்கு நேண்ட் ஒன்று 0 ஆகும். உடனே வ = 1. அதனால் ந = 0. இப்போது ஆபத்துக் குறி மறைந்தாலும் ந = 0 என்பது வ-வை 1இலேயே பிடித்து வைக்கிறது. பொத்தானை அழுத்தினால் ந = 1 ஆகி, ஆபத்து நீங்கியிருந்தால் வ = 0 ஆகும். ஆபத்து நீங்காமல் பொத்தானை அழுத்தினால் வ 1இலேயே நிற்கும், கையை எடுத்ததும் லாட்ச் மீண்டும் பூட்டிக்கொள்ளும். ஆபத்து இருக்கும்போது மீட்டமைக்க முடியாது என்ற பாதுகாப்பு தனிச் சுற்று எதுவுமின்றிக் கிடைத்துவிட்டது.

பிரெட்போர்டில் அமைத்தல்

தேவையானவை: 74எல்.எஸ்.00 ஒன்று, 74எல்.எஸ்.20 ஒன்று, சுவிட்ச் மூன்று, அழுத்துப் பொத்தான் ஒன்று, 4.7 கிலோஓம் மின்தடை நான்கு, 470 ஓம் மின்தடை ஒன்று, சிவப்பு எல்இடி ஒன்று, 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி இரண்டு, 5 வோல்ட் மின்வழங்கி.

1. இரு சில்லுகளுக்கும் 14ஆம் காலில் 5 வோல்ட், 7ஆம் காலில் கிரவுண்டு. ஒவ்வொரு சில்லின் அருகிலும் இவ்விரண்டுக்கும் இடையே ஒரு மின்தேக்கி.
2. அ, ஆ, இ ஆகிய ஒவ்வொன்றையும் 4.7 கிலோஓம் வழியாக 5 வோல்ட்டுடனும், சுவிட்ச் வழியாகக் கிரவுண்டுடனும் இணைக்கவும். மூடிய சுவிட்ச் நலம், திறந்த சுவிட்ச் ஆபத்து.
3. 7400: அ-வை 1, 10 ஆகிய கால்களுக்கும், ஆ-வை 2, 4 ஆகிய கால்களுக்கும், இ-யை 5, 9 ஆகிய கால்களுக்கும் தரவும்.
4. 7400இன் 3, 6, 8 ஆகிய வெளியீடுகளை முறையே 7420இன் 1, 2, 4 ஆகிய கால்களுக்குக் கொண்டுசெல்லவும்.
5. 7420இன் 6ஆம் கால் வ. அதை 7400இன் 12ஆம் காலுக்குத் தரவும்.
6. 7400இன் 13ஆம் கால் மீட்டமைப்பு. 4.7 கிலோஓம் வழியாக 5 வோல்ட்டுடனும், பொத்தான் வழியாகக் கிரவுண்டுடனும் இணைக்கவும்.
7. 7400இன் 11ஆம் கால் ந. அதை 7420இன் 5ஆம் காலுக்குத் தரவும்.
8. 5 வோல்ட்டிலிருந்து 470 ஓம், எல்இடி வழியாக 7400இன் 11ஆம் காலுக்கு வரவும். எல்இடியின் எதிர்முனை சில்லின் பக்கம் இருக்க வேண்டும்.
9. 7420இல் பயன்படாத இரண்டாம் வாயிலின் உள்ளீடுகளை (9, 10, 12, 13) கிரவுண்டுடன் இணைக்கவும்.

மின்சாரம் தந்தவுடன் லாட்ச் எந்த நிலையில் விழும் என்று கூற இயலாது. ஆகவே முதலில் பொத்தானை அழுத்தித் தொடங்க வேண்டும். பிறகு எட்டு வரிசைகளையும் சோதிக்கலாம். அடுத்து ஒரு தடத்தின் கம்பியை, சுவிட்சின் பக்கமிருந்து, வேண்டுமென்றே பிடுங்கிப் பார்க்க வேண்டும். எல்இடி எரியாது. இப்போது மற்றொரு சுவிட்சைத் திறந்தால் எரியும். பழுதான தடம் வாக்களித்திருப்பதை இது காட்டும்.

9 வோல்ட் பேட்டரியை நேரடியாக இணைக்கக் கூடாது. டி.டி.எல். சில்லு தாங்கும் உச்ச வரம்பே 7 வோல்ட்தான். சில்லு சுட்டால் உடனே மின்சாரத்தை நிறுத்தி, தலைகீழாகச் செருகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உண்மையான உலையின் பாதுகாப்பு அமைப்பு இதைவிடப் பன்மடங்கு விரிவானது. இங்கே அமைத்தது அதன் தர்க்க விதியை மட்டுமே.

வாயிலுக்கும் நேரம் பிடிக்கும்

உள்ளீடு மாறியதும் வெளியீடு மாற ஒரு வாயில் எடுத்துக்கொள்ளும் நேரம் பரவல் தாமதம் எனப்படும். 7400இல் இது சுமார் 10 நானோநொடி. கண்ணுக்குத் தெரியாத இந்த நேரம் சுற்றைத் தவறாக நடக்கச் செய்யும்.

ஒரு தேர்வுச் சுற்றை எடுத்துக்கொள்வோம். தேர்வுக் குறி 1 எனில் முதல் உள்ளீடும், 0 எனில் இரண்டாம் உள்ளீடும் வெளியே வர வேண்டும். இரண்டு உள்ளீடுகளுமே 1 ஆக இருக்கும்போது தேர்வுக் குறியை மாற்றினால் வெளியீடு 1இலேயே இருக்க வேண்டும். ஆனால் தேர்வுக் குறி 1இலிருந்து 0 ஆகும்போது முதல் பாதை உடனே மூடிவிடுகிறது. இரண்டாம் பாதை நாட் வாயிலைத் தாண்டி வருவதால் தாமதமாகத் திறக்கிறது. அந்தச் சில நானோநொடிகள் வெளியீடு 0 ஆகலாம். எல்இடியில் இது தெரியாது. ஆனால் பின்னால் ஒரு லாட்ச் இருந்தால் அது பிடித்துக்கொள்ளக்கூடும்.

இரு உள்ளீடுகளின் பெருக்கலை மூன்றாவது உறுப்பாகச் சேர்த்தால் இப்பிழை நீங்கும். கார்னா வரைபடத்தில் 'தேவையற்றது' என்று நாம் அடித்துவிடும் உறுப்பு அது. நம் மூன்றில் இரண்டு சுற்றில் ஒரு தடம் மட்டும் மாறும்போது இந்தத் தொல்லை எழாது. எடுத்துக்காட்டாக, அ, ஆ இரண்டும் 1 ஆக இருந்து இ மாறினாலும் (அ · ஆ) என்ற உறுப்பு வெளியீட்டைத் தாங்கி நிற்கிறது.

பழைய சில்லு எதுவரை?

இச்சில்லுகளைக் கொண்டு எல்லாவற்றையும் கற்க இயலாது. சில பத்துச் சில்லுகளைத் தாண்டினால் பிரெட்போர்டின் தளர்ந்த இணைப்புகளைத் தேடுவதிலேயே நேரம் போய்விடும். பெரிய சுற்றுகளை இன்று வெரிலாக், வி.எச்.டி.எல். போன்ற வன்பொருள் விவரிப்பு மொழிகளில் எழுதுகின்றனர். எழுதியதைக் கணினியில் பாவனை செய்து பார்த்து, எஃப்.பி.ஜி.ஏ. எனப்படும் மாற்றியமைக்கத்தக்க சில்லில் ஏற்றுகின்றனர். சென்னை ஐஐடியில் உருவான 'சக்தி' செயலியும் இவ்வாறு மொழியில் எழுதப்பட்டதே. அதன் ஒரு வடிவம் 2018இல் மொகாலியிலுள்ள அரசின் செமிகண்டக்டர் ஆய்வகத்தில் 180 நானோமீட்டர் முறையில் சில்லாக்கப்பட்டது.

ஆயினும் மொழியில் எழுதும்போதும் ஒவ்வொரு வரியும் இறுதியில் வாயிலாகவும் லாட்சாகவுமே மாறுகிறது. நிபந்தனை ஒன்றை எழுதாமல் விட்டால் மென்பொருள் தானாகவே ஒரு லாட்சைச் சேர்த்துவிடுவது தொடக்கநிலை மாணவர்களை வாட்டும் பிழை. இரண்டு நேண்ட் வாயில்களைக் கையால் குறுக்காக இணைத்துப் பார்த்தவருக்கு அது ஏன் நேர்ந்தது என்பது விளங்கும். ஆகவே வாயில்கள், லாட்ச், ஒரு சிறிய எண்ணி ஆகியவற்றைச் சில்லுகளில் செய்துவிட்டு மொழிக்குச் செல்வது நல்ல வரிசை.

மாணவர்களுக்கு

ஒரு சில்லின் விலை சில பத்து ரூபாய்க்குள் அடங்கும். சென்னையில் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் மேலே கூறிய பொருள்கள் அனைத்தும் கிடைக்கும். ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, வண்டலூர் பகுதி மாணவர்கள் மின்சார ரயிலில் எழும்பூரிலோ பூங்கா நிலையத்திலோ இறங்கி அங்கே செல்லலாம். கடையில் '7400' என்று மட்டும் கேட்டால் எல்.எஸ்., எச்.சி. என எதையும் தரக்கூடும். மேற்கண்ட சுற்றுக்கு எல்.எஸ். என்று குறிப்பிட்டுக் கேட்க வேண்டும்.

சுற்றை அமைத்து முடித்தவர்கள் மேலும் யோசிக்க மூன்று கேள்விகள்:

1. எல்இடியே பழுதானால் ஆபத்து தெரியாமல் போகும். அதையும் அறியும்படி சுற்றை எப்படி மாற்றலாம்?
2. தடங்கள் மூன்று இருந்தும் வாக்கெண்ணும் சுற்று ஒன்றுதான். அது பழுதானால் என்ன செய்யலாம்?
3. எல்.எஸ். சில்லுகளுக்குப் பதில் எச்.சி. சில்லுகளைச் செருகிப் புல்-அப் மின்தடைகளை எடுத்துவிட்டால் என்ன நடக்கும்?

ஆய்வகத்தில் அட்டவணைக்கு மாறான விடை வந்தால் அதை அழிக்காமல், கண்டதைக் கண்டபடி பதிவேட்டில் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இட்டு ஆசிரியரிடம் காட்ட வேண்டும். தர்க்கம் தவறியிருக்காது. கம்பி, காலின் எண், மின்னழுத்தம், தாமதம் ஆகியவற்றுள் ஏதோ ஒன்று அங்கே பேசுகிறது. அது என்ன என்று கண்டுபிடிப்பதில்தான் வடிவமைப்புப் பாடம் தொடங்குகிறது.